ஜூனில் எம்பிஏ சேருகிறவர்களுக்கு: எந்த மாதம் எதைச் செய்வது, எங்கே சறுக்கும்?

கொள்ளிடக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஜூனில் எம்பிஏ சேருகிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறோம். ஐஐஎம், எக்ஸ்எல்ஆர்ஐ மாதிரிப் பெரிய கல்லூரிகள் பக்கம் போகிறவர்களும் உண்டு, டான்செட் (தமிழக நுழைவுத் தேர்வு) எழுதி உள்ளூர்க் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. முக்கால்வாசிப் பேர் பொறியியல். டெபிட் எது கிரெடிட் எது என்றே தெரியாது. "நாலு பேரோடு பழகு, எல்லாவற்றிலும் கலந்துகொள்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எப்போது என்ன செய்ய வேண்டும், கடனை எப்படிக் கணக்குப் போடுவது என்று விவரமாக எழுதினால் புண்ணியமாகப் போகும்.

வெள்ளைப்பலகை

இரண்டு வருடப் படிப்பு என்று பெயர்தான். பெரிய வளாகங்களில் நான்காவது, ஐந்தாவது மாதத்திலேயே பாதி விஷயம் முடிவாகிவிடும். ஜூன் வாக்கில் வகுப்பு தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் சிவியை (தன்விவரத்தை) இனி மாற்ற முடியாதபடி பூட்டுவார்கள். அக்டோபர், நவம்பரில் சம்மர் பிளேஸ்மென்ட், அதாவது கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு ஆளெடுப்பு. அந்தச் சம்மர் வேலை அடுத்த ஏப்ரலில் தொடங்கி 8 முதல் 10 வாரம். அதில் நன்றாகச் செய்தால் பிபிஓ, அதாவது படிப்பு முடியும் முன்பே வேலைக் கடிதம். கம்பெனி உங்களை எடைபோடும் நேரத்தில் அதிகம் போனால் ஒரு டெர்ம் (பருவம்) கிரேடு கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, முன்பு பார்த்த வேலை, இவற்றை வைத்துத்தான் ஷார்ட்லிஸ்ட்.

ஆகவே சேரும் முன் முதல் வேலை காகிதம் திரட்டுவது. சிவி ஒரே பக்கம். அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பிளேஸ்மென்ட் கமிட்டி சான்று கேட்கும். சான்று இல்லாத வரியை அடித்துவிடும். வேலையை விடும் முன் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, பதவி உயர்வுக் கடிதம், பாராட்டு மின்னஞ்சலின் நகல் எல்லாம் வாங்கிவிடுங்கள். இவற்றைவிட முக்கியம், நீங்கள் செய்த புராஜெக்டால் எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது என்று மேலாளர் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்டுத் தரும் கடிதம். வேலையை விட்டு மூன்று மாதம் ஆன பிறகு கேட்டால் யாரும் மெனக்கெட மாட்டார்கள். பள்ளியில் மாவட்ட அளவில் ஓடிய சான்றிதழ்கூட பீரோவில் தேடினால் கிடைக்கும்; ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

வரி எழுதும் விதம்: "டெஸ்டிங் குழுவில் பணியாற்றினேன்" என்பதில் ஒன்றும் இல்லை. "ரிலீஸுக்கு முந்தைய சோதனையைத் தானியங்கியாக மாற்றியதில் 3 நாள் வேலை 5 மணி நேரமானது" என்றால் செயல், அளவு, விளைவு மூன்றும் வந்துவிட்டன. நேர்காணலில் அந்த 5 மணி நேரத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் இல்லாத எண்ணைப் போடவே வேண்டாம்.

பேரேடு

காகிதம் சரி, ஆனால் கணக்கைத் தொடாமல் போய் இறங்காதீர்கள். முதல் டெர்மில் பொறியியல் பட்டதாரிகள் தடுக்கி விழும் பாடம் அதுதான். கிரேடு ஒப்பீட்டு முறையில் போடுவார்கள். வகுப்பில் நாலைந்து சிஏ இருந்தால் மேல் கிரேடு அவர்களுக்குப் போய்விடும். கீழே சிக்காமல் இருப்பதற்காவது அடிப்படை வேண்டும்.

ஒரு மளிகைக் கடையின் முதல் மாதத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்:

முதலீடு 1,00,000 ரொக்கம். 60,000க்குச் சரக்கு, கடனில். அதில் 40,000 பெறுமான சரக்கு 55,000க்கு விற்றது. 25,000 ரொக்கம், 30,000 வாடிக்கையாளர் பாக்கி. வாடகை 5,000 ரொக்கம். ஃபிரிட்ஜ் 24,000 ரொக்கம், 48 மாத ஆயுள், மாதத் தேய்மானம் 500.

லாபம் 55,000 − 40,000 − 5,000 − 500 = 9,500. கல்லாவில் இருப்பது 96,000. லாபம் வந்த மாதத்தில் ரொக்கம் 4,000 குறைந்திருக்கிறது. ஏன்? லாபம் 9,500, கையைவிட்டுப் போகாத தேய்மானம் 500 கூட்டு, பாக்கி 30,000 கழி, விற்காத சரக்கு 20,000 கழி, சப்ளையருக்கு இன்னும் கொடுக்காத 60,000 கூட்டு. ஆக 20,000. அதிலிருந்து ஃபிரிட்ஜ் 24,000 போனால் −4,000. ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) இரண்டு பக்கமும் 1,69,500 என்று நிற்கும், போட்டுச் சரிபாருங்கள். அடுத்த மாதம் சப்ளையர் 60,000 கேட்டு வாசலில் நிற்பார், அப்போது கல்லா என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். பணப்புழக்க அறிக்கை என்று மூன்று வாரம் நடத்துவதன் எலும்புக்கூடு இதற்குள் இருக்கிறது.

இது பிடிபட்டதும் இரண்டு ஆண்டறிக்கைகளை இறக்குங்கள். ஒன்று டைட்டன் (டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது, ஓசூரில் தொழிற்சாலை), இன்னொன்று ஹிந்துஸ்தான் யூனிலீவர். சரக்கு இருப்பை விற்ற சரக்கின் அடக்கத்தால் வகுத்து 365ஆல் பெருக்கினால் சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது என்று தெரியும். தங்கம் வைத்து விற்கிறவருக்கும் சோப்பு விற்கிறவருக்கும் அந்த நாள் கணக்கு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். கடனைத் திரட்டும் விதம், கடைக்குக் கொடுக்கும் மார்ஜின், விளம்பரம் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும்.

மூணாவது பெஞ்சு

கேஸ் வகுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கேஸ் என்றால் ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரித்து, நீங்களே முடிவெடுக்கச் சொல்லும் பாடம். அகமதாபாத் ஐஐஎம் 1961இல் தொடங்கி ஆரம்ப ஆண்டுகளில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலோடு சேர்ந்து நடந்தது. கேஸ் முறை அப்படித்தான் அங்கே ஊன்றியது. இப்போது எல்லா இடத்திலும் கொஞ்சமாவது உண்டு. 20 பக்கக் கேஸை நாவல் போல முதல் வரியிலிருந்து படிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நாளைக்கு இரண்டு மூன்று கேஸ் வரும்போது அப்படிப் படித்தால் இரவு இரண்டு மணிக்கும் முடியாது.

முதல் 10 நிமிடம்: முதல் பத்தி, கடைசிப் பத்தி, பின்னிணைப்பு அட்டவணைகளின் தலைப்புகள். யார், எந்தத் தேதிக்குள், எதை முடிவு செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் மேலே படிக்காதீர்கள், மறுபடி அதையே பாருங்கள். அடுத்த 40 நிமிடம் பென்சிலோடு படிப்பு. பிறகு 20 நிமிடம் கணக்கு மட்டும். பெரும்பாலோர் விடுவது இந்தக் கடைசி 20 நிமிடத்தை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் கேஸ். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஹார்வர்டு கேஸ் 1993இல் வந்தது. வகுப்பில் இதை எடுத்தால் முதல் பத்து கைகளும் "சேவை மனப்பான்மை" என்று சொல்லிவிட்டு இறங்கும். நம்மூர்ப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பெருமையாகச் சொல்வார்கள். பேராசிரியர் கேட்க வருவது வேறு: அங்கே எது முட்டுக்கட்டை, அதாவது மொத்த வேகத்தையும் கட்டிப்போடுவது எது?

எண்கள் என்னுடையவை, கணக்குக்காக. நோயாளியைத் தயார் செய்து பிறகு மேசையை ஒழுங்கு செய்ய 12 நிமிடம், அறுவை 8 நிமிடம் என்று வையுங்கள். ஒரே மேசை என்றால் ஒருவருக்கு 20 நிமிடம், மணிக்கு 3. மருத்துவர் 20இல் 12 நிமிடம் சும்மா நிற்கிறார். இரண்டு மேசை போட்டு, ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றதில் செவிலியர்கள் தயார் செய்தால் மணிக்கு 6. மூன்றாவது மேசை போட்டால் 9 ஆகுமா? ஆகாது. 8 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மருத்துவரின் உச்சம் மணிக்கு 7.5. அதாவது இரண்டாவது மேசை 3 அறுவையைக் கூட்டுகிறது, மூன்றாவது 1.5 தான் கூட்டுகிறது. அந்த ஒன்றரைக்கு இன்னொரு செவிலியர் குழு, கருவித் தொகுதி வேண்டும். இதைப் பலகையில் போட்டுவிட்டு, 1992இல் தொடங்கிய அரவிந்தின் ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது ஏன் என்று கேட்டால் வகுப்பு தானாக நகரும்.

கொள்ளிடக்கரை

அருமை சார். ஆனால் வகுப்பில் பேசினால்தான் மதிப்பெண் என்கிறார்கள். தமிழ் வழியில் படித்து, ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவர்கள் என்ன செய்வது?

மூணாவது பெஞ்சு

எண்ணைப் பிடியுங்கள் தம்பி. "மூன்றாவது மேசை 1.5 தான் கூட்டும், இதோ கணக்கு" என்று சொல்ல அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. முதல் 15 நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆக நீங்கள் வைத்திருந்த கருத்தை வேறு நாலு பேர் சொல்லிவிடுவார்கள். இரண்டு வாக்கியம் போதும். ஏற்கெனவே சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லி மதிப்பெண் வாங்கப் பார்ப்பதற்குச் சில வளாகங்களில் தனிக் கேலிப் பெயரே உண்டு. பேராசிரியர்களும் அதைக் கவனிப்பார்கள்.

ஆறாம்நம்பர்

கன்சல்டிங், மார்க்கெட்டிங் நேர்காணல்களில் வரும் உத்தேசக் கணக்குக்கும் இதே புத்திதான். "சென்னையில் தினம் எத்தனை கிலோ பாக்கெட் இட்லி மாவு விற்கிறது?" என்றால் விடையைவிட வழிதான் மதிப்பெண். மக்கள்தொகை 70 லட்சம் என்று வைத்து, வீட்டுக்கு 4 பேர் என்றால் 17.5 லட்சம் வீடு. பாக்கெட் மாவு வாங்குவது 40 சதவீதம் என்றால் 7 லட்சம் வீடு. வாரம் இரண்டு முறை ஒரு கிலோ வீதம் 14 லட்சம் கிலோ. தினம் 2 லட்சம் கிலோ.

இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கடைப் பக்கமிருந்து சரிபாருங்கள்: ஒரு கடை தினம் 20 பாக்கெட் விற்றால் 10,000 கடை வேண்டும். இவ்வளவு பெரிய ஊருக்கு அது நம்பும்படி இருக்கிறதா, 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டுமா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹோட்டல்களை விட்டுவிட்டேன், ஏனென்றால் அவர்கள் சொந்தமாக அரைக்கிறார்கள் என்று சொன்னால் இன்னும் நல்லது. ஆகஸ்டிலிருந்து தினம் ஒன்று, ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லுங்கள். தனியாக மனதுக்குள் போட்டுப் பார்ப்பது பயிற்சியில் சேராது.

தறிச்சத்தம்

எல்லாம் ஐஐஎம் கதையாகவே போகிறது. தமிழ்நாட்டில் எம்பிஏ சேருகிறவர்களில் பெரும் பங்கு அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. அங்கே சம்மர் பிளேஸ்மென்ட் என்ற ஒன்றே கிடையாது. கோடை விடுமுறை புராஜெக்டை மாணவரே தேட வேண்டும். வளாகத்துக்கு வரும் வேலையில் கணிசமானது காப்பீடு, வங்கி விற்பனை, ஆள் எடுக்கும் ஏஜென்சி. சம்பளம் சொல்லும்போது நிலையானது எவ்வளவு, இலக்கை முடித்தால் மட்டும் வருவது எவ்வளவு, பெட்ரோல் யார் கணக்கு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு 4 லட்சம் என்று பலகையில் எழுதியிருக்கும்; அதில் ஒன்றரை லட்சம் ஊக்கத்தொகையாக இருந்தால் மாதச் சம்பளம் 21,000க்குக் கீழே.

கல்லூரி தராததை நீங்களே செய்துகொள்ளும் வழி இருக்கிறது. எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடச் சரக்கு) விற்பனைக்குப் போக நினைத்தால் உங்கள் ஊர் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்டு, அவருடைய சேல்ஸ்மேனோடு ஒரு வாரம் பீட் (கடை கடையாக ஆர்டர் எடுக்கும் சுற்று) போங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: இந்த பிராண்டில் மார்ஜின் எவ்வளவு, எத்தனை நாள் கடன், காலாவதியான சரக்கைத் திருப்பி எடுக்கிறார்களா, எடுக்க எத்தனை மாதம் ஆகிறது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்க வேண்டியது: சரக்கில், மார்க்கெட் பாக்கியில், வண்டியில் எவ்வளவு முடங்கியிருக்கிறது, அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு தங்குகிறது. கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்பது பிரைமரி, அவர் கடைக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் பிரைமரியைத் திணித்து இலக்கை முடிப்பது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர், நேர்காணலில் பேசும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நிதிப் பக்கம் என்றால் என்ஐஎஸ்எம் (செபி அமைத்த பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனம்) தேர்வு எழுதுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு 100 கேள்வி, 2 மணி நேரம், 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, சான்று 3 ஆண்டு செல்லும். அதனால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. பேச ஒரு விஷயம் இருக்கும், அவ்வளவுதான். எக்செலில் பிவட் டேபிளும் லுக்கப்பும் யோசிக்காமல் வர வேண்டும். கல்லூரி வாசலில் விற்கும் ரெடிமேட் புராஜெக்ட் ரிப்போர்ட்டை மட்டும் தொடாதீர்கள். "சாம்பிள் எப்படி எடுத்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று. திருப்பூர், கரூர், சிவகாசி, கோவை பம்பு என்று ஒவ்வொரு ஊரும் ஒரு தொழில் வைத்திருக்கிறது. ஒரு சிறிய யூனிட்டில் ஒரு ஆர்டரின் அடக்க விலையைத் துணி, நூல், தையல், சாயம், கழிவு, பேக்கிங் என்று பிரித்து எழுதித் தந்தால் முதலாளியே உட்கார வைத்துப் பேசுவார். நிறைய இடத்தில் கழிவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெள்ளைப்பலகை

தறிச்சத்தம் அண்ணன் சொல்வது ஐஐஎம் போகிறவர்களுக்கும் பொருந்தும். பீட் போனவர் அங்கேயும் அபூர்வம்.

பேரேடு

கடன் பற்றிக் கேட்டிருந்தார்கள். பொதுவாகப் படிப்புக் காலம், அதற்கு மேல் ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனி வட்டியாக.

20 லட்சம், 9 சதவீதம், அரையாண்டுக்கு 5 லட்சம் வீதம் நாலு தடவையாக எடுக்கிறீர்கள் என்று வைப்போம். மூன்றாம் ஆண்டு முடிவில், முதல் 5 லட்சத்துக்கு 3 ஆண்டு, பிறகு 2.5, 2, 1.5 ஆண்டு. மொத்தம் 9 ஆண்டு வட்டி: 4,05,000. இதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து 24,05,000 ஆகும். 10 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 30,470. வட்டியை அப்போதைக்கப்போது கட்டிவந்திருந்தால் 20 லட்சத்துக்குச் சுமார் 25,340. மாதம் 5,130 வித்தியாசம், 120 மாதத்துக்கு. படிக்கும்போதே வட்டி கட்டினால் சதவீதத்தில் சலுகை தரும் வங்கியும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள், கட்டணத் தேதிக்கு ஏற்ப எடுங்கள். கடனோடு ஒட்டித் தரும் காப்பீட்டு பிரீமியம் கட்டாயமா என்று எழுத்தில் கேளுங்கள்; அந்தப் பணத்தையும் கடனில் ஏற்றி வட்டி போடுவார்கள். வட்டிக்கு 8 ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, உச்சவரம்பு இல்லை. ஆனால் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான், அசலுக்கும் கிடையாது.

ஆறாம்நம்பர்

சம்மர் 8 வாரத்தில் பிபிஓ கைநழுவிப் போவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். "தென் மாவட்டங்களில் நம் விற்பனையை எப்படிக் கூட்டலாம்" என்று ஒரு வரி தருவார்கள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பினால் போச்சு. எந்தப் பொருள், எந்த ஊர்கள், எந்தத் தரவு யார் தருவார், கடைசியில் தர வேண்டியது அறிக்கையா, எக்செல் மாதிரியா, சோதனை ஓட்டமா என்று ஒரு பக்கம் எழுதி, முதல் வெள்ளிக்கிழமைக்குள் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். தரவு கேட்டு இரண்டாம் வாரம் வரை வரவில்லை என்றால் காத்திருக்காமல் கடைகளில் நேரடியாக எடுக்கத் தொடங்குங்கள். நாலாம் வார இடைக்கால மதிப்பீட்டில் பாதி வெந்த விடையையாவது வையுங்கள். அப்போது கேட்கும் ஆட்சேபங்கள்தான் கடைசி நாளன்றும் வரும். பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, யார் செய்வார், எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்று எழுதாவிட்டால் அது வெறும் ஆசை.

மூணாவது பெஞ்சு

குரூப் புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேர் ஆறு பகுதியைப் பிரித்துக்கொண்டு கடைசி இரவு ஒட்டினால், மூன்றாம் ஸ்லைடில் சந்தை 500 கோடி என்றும் ஒன்பதாவதில் 800 கோடி என்றும் இருக்கும். கணக்கு ஒரே தாளில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வேலை செய்யாதவரோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அடுத்த டெர்மில் குழு மாறும்.

தறிச்சத்தம்

இரண்டாம் வருடத்தைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். பிபிஓ வாங்கியவர்கள் கிரிக்கெட் ஆடியே கழித்துவிடுகிறார்கள் என்று கேள்வி.

வெள்ளைப்பலகை

ஆடட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் விருப்பப் பாடம் எடுக்கும்போது பல வளாகங்களில் இடத்துக்குப் போட்டியிட ஆளுக்கு இவ்வளவு என்று ஏலப் புள்ளி தருவார்கள். கடந்த ஆண்டு எந்தப் பாடம் எத்தனை புள்ளியில் மூடியது என்று சீனியர்களிடம் பட்டியல் இருக்கும், அதை வாங்குங்கள். எல்லாப் பாடத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் நல்ல பாடம் ஒன்றும் கிடைக்காது. வேண்டிய இரண்டுக்குக் கடந்த ஆண்டைவிடச் சற்று மேலே போட்டுவிட்டு, மீதியைக் கூட்டம் வராத பாடங்களுக்கு வையுங்கள். வேலைக்குப் போன பிறகு தானாகக் கற்க முடியாதவற்றுக்கு முன்னுரிமை: பேரம் பேசுதல், கம்பெனி மதிப்பீடு, வரி, தொழிலாளர் சட்டம். மார்க்கெட்டிங் ஆசாமி வரிப் பாடத்தில் உட்கார்ந்தால் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஒரு டெர்ம் வெளிநாட்டுப் பரிமாற்றம் போக நினைத்தால், அந்தப் பாடங்களுக்கு இங்கே கிரெடிட் கிடைக்குமா, இறுதி பிளேஸ்மென்ட் தேதிக்குள் திரும்ப முடியுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிபிஓ கையில் இல்லாதவர்கள் இந்தத் தேதியை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

கொள்ளிடக்கரை

மளிகைக் கடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 1,69,500 வந்தது. இரண்டாம் மாதத்தில் சப்ளையருக்கு முழுசாகக் கொடுத்து, பாக்கி ஒன்றும் வராமல் இருந்தால், வாடகையும் போக, கல்லா 31,000 ஆகிறது, சரிதானே?

பேரேடு

சரி. அந்த மாதம் ரொக்க விற்பனையும் இல்லை, புதுச் சரக்கும் வாங்கவில்லை என்று எழுதியே ஆக வேண்டும். பரீட்சையில் அதை எழுதாவிட்டால் ஒரு மதிப்பெண் போகும்.